அம்பாசடரின் பச்சை

என் கணவர் அந்தக் காரைக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது நான் வாசலுக்கே போகவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. தென்னந்தோப்புக் கொட்டகையொன்றில் வருடக்கணக்காக நின்ற அம்பாசடர். அதன் தலைமேல் தேங்காய் மட்டை அடுக்கி வைத்திருந்திருக்கிறார்கள். டயர்கள் காற்றில்லாமல் சப்பி, பெயிண்ட் எல்லாம் பொருக்கு விட்டுக் கிடந்தது. கதவைத் திறந்தால் கொப்பரை வாடையும் எலி வாடையும் கலந்து அடிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவர் மட்டும் புதுப் பெண்ணை அழைத்து வந்தவர் போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

இவருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டையொட்டியே ஒரு சின்னப் பட்டறை. பம்பு மோட்டாருக்கான பாகங்களை லேத்தில் கடைந்து கொடுப்பார். வேலை ஓய்ந்த நேரமெல்லாம் காருக்கடியில்தான் கிடந்தார். இன்ஜினை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும். நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வெளியே கரகரவென்று ஒரு சத்தம், இருமல் போல நாலைந்து வெடி, பிறகு நிதானமாக ஓடும் ஓசை. கையில் ஈரத்தோடு ஓடினேன். வாசல் முழுக்கப் புகை. புகைக்கு நடுவில் இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்து கண்ணீர் வழிந்தது. புகையினால்தான் என்று பிறகு சாதித்தார்.

அன்றைக்குத்தான் எனக்கும் அந்தக் கார்மேல் ஆசை விழுந்தது.

இனி உள்பக்கம் பாக்கி. சீட்டு, கதவுத் தகடு, மேல்கூரைத் துணி, தரை விரிப்பு எதுவும் உருப்படியாக இல்லை. இவர் காந்திபுரம் பக்கம் ஒரு சீட்டுக் கடைக்காரரை அழைத்து வந்து காட்டினார். அந்த இளைஞர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் தூக்கிப்போட்டு, கருப்பும் சிவப்பும் கலந்து வைரக் கட்டம் போட்டு அடிச்சிரலாமுங்க. முன்னால பெரிய ஸ்கிரீனு வெச்சிரலாம், அடியில லைட்டு விட்டுரலாம். புது வண்டி தோத்துப்போகும்" என்றார். இவர் தலையை ஆட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த இளைஞர் போனதும் இவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, இந்தச் சீட்டையெல்லாம் நானே தெச்சுப்போட்டா என்னங்க?"

"நீயா? பனியன் தெக்கறதும் கார் சீட்டு தெக்கறதும் ஒண்ணா அம்மணி?"

இவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது. அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பேட்டர்ன் வெட்டியவள் நான். எந்த நாட்டிலிருந்து என்ன படம் அனுப்பினாலும், அதைப் பார்த்துக் காகிதத்தில் அளவு போட்டு, வெட்டி, முதல் மாதிரியைத் தைத்துக் காட்டுவது என் வேலை. கம்பெனியில் அந்தப் பிரிவையே மூடிவிட்ட பிறகு ஏழெட்டு மாதமாக வீட்டில் இருந்தேன். காலையில் கம்பெனி வேன் வரும் நேரத்துக்கு இன்னமும் முழிப்பு வந்துவிடும். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அப்படி இருந்தவளிடம் போய் இதைக் கேட்டார்.

"துணி வெட்டத் தெரிஞ்சவளுக்கு எல்லாம் துணிதானுங்க. ஒரு சீட்டு தெச்சுக் காட்டறன். நல்லா இல்லீன்னா கருப்பு செவப்பு போட்டுக்கங்க."

"செரி, பண்ணு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே போல்ட்டுகளைக் கழற்றிச் சீட்டுகளைத் தரையில் இறக்கினோம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தேன். மேலே சாயம் போன மெரூன் துணி உறை. அதற்கடியில் வெடித்துப்போன பழுப்பு ரெக்சின். உள்ளே தேங்காய் நார் மெத்தை, சாக்கு, ஸ்பிரிங்குகள். ஒரு எலிக் குடும்பம் நார் மெத்தைக்குள் அறை அறையாக வீடு கட்டிவைத்திருந்தது. புளியங்கொட்டை, ஹேர்பின், சில்லறை, காய்ந்த வேப்பங்குச்சி எல்லாம் உதிர்ந்தன. ஒரு முறத்தில் வாரிக் கொட்டினேன்.

பின்சீட்டின் முதுகைத் திருப்பிப் போட்டுப் பழுப்பு ரெக்சினைக் குறடால் இழுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பழுப்புக்கும் அடியில், மடிப்புக்குள் இன்னொரு ரெக்சின். யாரோ முதல் உறையைக் கழற்றச் சோம்பல்பட்டு அதன் மேலேயே அடுத்ததை அடித்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் கறுத்துப்போயிருந்தாலும், மடித்து ஆணியடித்த ஓரத்தில் வெளிச்சமே படாத ஒரு முழ நீளத்துக்கு அதன் அசல் நிறம் அப்படியே இருந்தது. இளம்பச்சை. விரிவதற்கு முன்னால் இருக்கும் வாழைக்குருத்தின் பச்சை. அதன் தையல் ஓரத்தில் மெல்லிய கயிறுபோல ஓடிய பைப்பிங் மட்டும் கரும்பச்சை.

அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க! பச்சைங்க! பச்சை! சீட்டுக்குள்ள பச்சை!"

இவர் லேத்தை நிறுத்திவிட்டுச் சட்டென்று பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார். "எத்தப் பெருசு? கடிச்சுப்போட்டுதா?"

பச்சைப் பாம்பு என்று நினைத்துவிட்டார். நான் துண்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். கம்பியைக் கீழே போட்டுவிட்டு, எண்ணெய்க் கை படாமல் இரண்டு விரலால் வாங்கி, வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். 

"கருப்பு செவப்பு வேண்டாம்" என்றார்.

பச்சையைத் தேட ஆரம்பித்தோம். உக்கடத்தில் ஏறி இறங்காத கடை இல்லை. டவுன்ஹால் பக்கம் இரண்டு நாள் அலைந்தேன். "பச்சையாங்கக்கா? இப்ப யாருங்க பச்சை போடறாங்க? பிஸ்கட் கலர் இருக்குது, காப்பிக் கலர் இருக்குது" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கிளிப்பச்சையில் ஒன்று காட்டினார்கள். ஆட்டோவுக்குப் போடுவதாம். அதைப் போட்டால் அம்பாசடர் அழுதுவிடும். மேல்கூரைக்குப் போடும் வெள்ளை ரெக்சின், சின்னச் சின்ன ஊசித் துளை போட்டது, அது மட்டும் ஒரு கடையில் ரோலின் கடைசித் துண்டாகக் கிடைத்தது. அதை வாங்கி வைத்தேன்.

அப்போதுதான் எனக்குக் கரூர் ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற ஊர். ஒரு பஸ்ஸில் எத்தனை சீட்டு, எத்தனை முதலாளிக்கு எத்தனை நிறம்! அங்கே இல்லாத பச்சையா? காலை முதல் பஸ் பிடித்துப் போய்விட்டேன். விசாரித்து விசாரித்து ஒரு கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் ரெக்சின் ரோல்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு ஜவுளிக் கடைக்குள் போன பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன்.

கிடங்குக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "எந்த பஸ்ஸுக்குங்க?" என்றார்.

"பஸ்ஸுக்கு இல்லீங்க. எங்கூட்டு அம்பாசடருக்குங்க."

நான் கொடுத்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். "இது ரொம்பப் பழைய பச்சையாச்சே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனவர் ஒரு நாழிகை கழித்துத் தலையெல்லாம் தூசியோடு மூன்று ரோல்களை உருட்டிக்கொண்டு வந்தார். மூன்றும் பச்சைதான். கிடங்குக்குள் டியூப் லைட்டில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஆனால் சாயத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். "வெயில்ல வெச்சுப் பாக்கோணுமுங்க" என்றேன். அவர் அலுத்துக்கொள்ளாமல் மூன்றையும் ரோட்டோரம் தூக்கி வந்து போட்டார். வெயிலில் ஒன்று மஞ்சளடித்தது, ஒன்று நீலமடித்தது. மூன்றாவதன் மேல் என் துண்டை வைத்தேன். துண்டு எங்கே முடிகிறது, ரோல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க விரலால் தடவ வேண்டியிருந்தது.

"அட சாமி!" என்று கிடங்குக்காரரே சொன்னார். கரும்பச்சையில் ஒரு சின்னத் துண்டைப் பைப்பிங்குக்காகச் சும்மாவே கொடுத்தார். "முடிச்சதும் ஒரு போட்டோ அனுப்புங்க, அது போதும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ரோலை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர், "மேல வெச்சுருங்கக்கா" என்று இரண்டு தடவை சொன்னார். கொடுக்கவில்லை.

பிறகு வேலை. வீட்டு மெஷினில் ரெக்சின் ஓடாது. பழைய கம்பெனி சூப்பர்வைசரைக் கேட்டுக் கனத்த துணி தைக்கும் மெஷின் ஒன்றை வரவழைத்தேன். முதல் நாள் அதிலும் ரெக்சின், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. தையல் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கிழித்தது. டால்கம் பவுடரை லேசாகத் தூவிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து முன்னறை முழுக்க பவுடர் வாசனை. பிறந்த குழந்தை இருக்கிற வீடு போல இருக்கிறது என்று எதிர் வீட்டம்மா சொன்னார்.

பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பழுப்புக் காகிதத்தில் வைத்து வரைந்து, எண் போட்டேன். நார் மெத்தைக்குப் பதில் புது மெத்தை வைத்தேன். ஸ்பிரிங்குகளை இவர் கழுவி, கோணலை நிமிர்த்தி, கருப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பின்சீட்டில் வரிவரியாக மேடு எழும்பும் இடத்தில் பஞ்சைத் திணித்துத் தைத்தேன். ஒவ்வொரு வரியும் மேலிருந்து கீழ்வரை கோடு கிழித்த மாதிரி வரவேண்டும். ஒன்று கோணினாலும் பிரித்தேன்.

முன்சீட்டை முதலில் முடித்தேன். தைத்த உறையை மொட்டை மாடி வெயிலில் அரைமணி நேரம் போட்டு, அது குழைந்து சூடாக இருக்கும்போதே இரண்டு பேருமாகத் தூக்கி வந்து மெத்தையின் மேல் மாட்டி இழுத்தோம். ஓரம் மடங்கி உள்ளே போனது, பைப்பிங் விளிம்பில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. இவர் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டு முற்றத்தில், கார் இல்லாத அந்தச் சீட்டின் மேல் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார்.

"பனியனும் சீட்டும் ஒண்ணுதான் போலிருக்குது" என்றார்.

எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

சீட்டுகள் முடிந்தன, கதவுத் தகடுகள் முடிந்தன. தரைக்குச் சணல் மெத்தை விரித்து மேலே ரப்பர் போட்டோம். அந்தச் சமயத்தில் இவருடைய நண்பர் ஒருவர் போன் பண்ணினார். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கோவையில் ஒரு கல்லூரி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுகூடுகிறார்களாம், நீங்களும் வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று. பத்து நாள் இருந்தது. மேல்கூரைத் துணி மட்டும்தான் பாக்கி. "வந்துருவோமுங்க" என்று இவர் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார்.

கூரைத் துணி எல்லாவற்றையும்விடக் கடினம். வளைந்த கம்பிகள் ஐந்தைத் துணியின் முதுகில் தைத்த பட்டிகளுக்குள் நுழைத்து, கம்பிகளைக் கூரையில் மாட்டி, பிறகு நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் வளைவு வேறு. கழற்றும்போதே வெவ்வேறு நிற நூல் கட்டி வைத்திருந்தேன். ஆனால் ஒருத்தியால் இழுக்க முடியாது. இவர் உள்ளே வந்தார். ஆறடி உடம்பு, மடங்கவில்லை. முழங்கை கதவில் இடித்தது. கடைசியில் பசை தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டு முடியை விடுவிக்க மதியம் ஆகிவிட்டது.

"இது உன்ற கை மாதிரி கை இருக்கறவங்க பண்ற வேலை" என்று சொல்லிவிட்டு எங்கேயோ பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் திரும்பினார். பின்னால் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார்.

என் நங்கை. பக்கத்துத் தெருதான். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அவருக்கும் எனக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அவர்தான் ரவிக்கை தைத்துக் கொடுத்தார். நான் அதைப் பிரித்து மறுபடி தைத்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சபையில் நாலு பேர் கேட்டபோது, "நாந்தான் சரி பண்ணினேன்" என்று சொல்லிவைத்தேன். அவர் காதுக்குப் போய்விட்டது.

பைக்கிலிருந்து இறங்கியவர் என் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்துப் பேசினார்.

"நானா வரல. தம்பி வந்து கூப்புட்டான்."

"வாங்க" என்றேன். 

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஒட்டுக்கா இழுக்கோணும்" என்று அவர் சொன்னார். ஒட்டுக்காக, ஒரே மூச்சில் இழுத்தோம். அவர் கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் என் கையும் இழுத்தது. முன்னும் பின்னும் சரியாகப் போய் உட்கார்ந்தது. பக்கவாட்டில் இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். கதவு விளிம்புக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே துணி முடிந்துவிட்டது. நங்கை பக்கமும் அதே இரண்டு விரற்கடை.

நான் காரைவிட்டு இறங்கித் தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் உட்கார்ந்துவிட்டேன். ரோலில் அதுதான் கடைசித் துண்டு. வேறு எங்கே வாங்கினாலும் வெள்ளை இந்த வெள்ளையாக இருக்காது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பேட்டர்ன்கூட நான் குறைத்து வெட்டியதில்லை. அதுவும் இவர் முன்னால், இவருடைய அக்கா முன்னால்.

நங்கை என் காகிதப் பேட்டர்னையும், மூலையில் கிடந்த பழைய கூரைத் துணியையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

"பழச வெச்சுத்தானே அளந்தே?"

"ஆமாங்க."

"இத்தன வருசம் தகரத்துக்கடியில கெடந்து வெந்திருக்குது. சுருங்காம என்ன பண்ணும்?"

சுருங்கும் துணிக்கு எத்தனை சேர்த்து வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டே வயிறு வளர்த்தவள் நான். பழைய துணி சுருங்கியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"செரி, தையலப் பிரி. பிரிக்கறதுல நீதான் கெட்டிக்காரியாச்சே."

பட்டறை வாசலில் நின்ற இவர் சட்டென்று உள்ளே போய்விட்டார். லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. அதில் மாட்ட அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"அந்த ரவிக்கையில அளவு ஒண்ணும் தப்பு இல்லீங்க" என்றேன். "கழுத்த அர இஞ்சு ஏத்தினேன். ஏத்தாட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு. எம்புள்ள விசேசத்துக்கு என்ற கை படலியேன்னு இருந்துச்சு. சபையில சொன்னது என்ற தப்புங்க."

"கழுத்து சரின்னு எனக்குத் தெரியும்" என்றார்.  "உனக்குத் தெரியுமான்னுதான் மூணு வருசமா இருந்தேன்."

பிறகு எழுந்து, "கத்தரி எங்கே?" என்றார்.

இரண்டு பக்கமும் ஒரு பட்டை சேர்க்கலாம் என்றவர் அவர்தான். வெள்ளையில் சேர்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும். பச்சையில் சேர்த்தால் வேண்டுமென்றே போட்ட பார்டர் ஆகிவிடும். ரவிக்கைத் துணி பத்தாதபோது கையில் பட்டை வைப்பதுபோல. எனக்கு அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. சீட்டில் மிஞ்சிய இளம்பச்சைத் துண்டுகளைத் தரையில் பரப்பினோம். முழு நீளத்துக்கு ஒன்றுகூட இல்லை. நாலு துண்டை இணைத்தால்தான் ஒரு பக்கத்துக்கு வரும். இணைப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, கதவுத் தூண்களுக்கு நேராக வருமாறு நான் அளவு போட்டேன். அவர் வெட்டினார். பட்டைக்கும் வெள்ளைக்கும் நடுவே கரும்பச்சைப் பைப்பிங் ஒன்று ஓடவிட்டோம். அதை யார் சொன்னது என்று இப்போது இருவருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் நான்தான் என்கிறோம்.

மூன்று நாள் பகலெல்லாம் வேலை. நான்காம் நாள் மறுபடி மாட்டினோம்.

"ஒட்டுக்கா! இப்ப! விடாதே, விடாதே, இக்கட்ட, இந்தப் பக்கம் கொஞ்சம்!"

"புடிச்சுட்டனுங்க! கிளிப்பு போடுங்க!"

சுருக்கம் விழுந்த இடங்களில் என் மகள் விட்டுப்போன முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினோம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. முடிந்ததும் இரண்டு பேரும் பின்சீட்டில் மல்லாந்து சாய்ந்து மேலே பார்த்தோம். பாலாடைபோல வெள்ளை, இரண்டு கரையிலும் பச்சை. புடவை ஒன்றை விரித்துக் கட்டியதுபோல இருந்தது. நங்கை கையை நீட்டி விரல் நுனியால் தட்டினார். மேளம்போலச் சத்தம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. இவர் கதவைத் திறந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நங்கை முதலில் வரவில்லை என்றார். பிறகு பூவெல்லாம் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வண்டி பிரதான ரோட்டில் ஏறியது. பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பைக்கில் போன இருவர் கட்டை விரலைக் காட்டினார்கள். நானும் கையை ஆட்டினேன். துடியலூர் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

முதல் சொட்டு என் முழங்கையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முன்கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து ஒரு நீர்க்கோடு எங்கள் வெள்ளைத் துணியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க! கண்ணாடி ரப்பர மாத்திப்போட்டேன்னு சொன்னீங்களே!"

"மாத்தோணும்னு சொன்னேன்" என்றார் இவர், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஊசித் தொளையில கொறை கண்டுபுடிக்கறவன்" என்று நங்கை பின்னாலிருந்து ஆரம்பித்தார், "ஒரு ரப்பர மாத்தல பாரு!"

நான் முந்தானையை மூலையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பூட்டியிருந்த ஒரு கடையின் தகரச் சார்ப்புக்கடியில் இவர் வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் பஞ்சர் கடை ஒன்று திறந்திருந்தது. ஓடிப்போய்ப் பழைய ட்யூப்பில் ஒரு நீளத் துண்டை வெட்டி வாங்கி வந்தார். ஸ்குரூ டிரைவரால் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அதைத் திணித்தார். மழையில் முழுக்க நனைந்துவிட்டார். அக்காவும் நானும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, இங்கே இன்னும் கொஞ்சம், அங்கே இன்னும் கொஞ்சம் என்று வேலை வாங்கினோம். சொட்டு நின்றது. மழை நிற்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஈர மண்ணில் டயர்த் தடங்கள்தான் இருந்தன. இவருடைய நண்பர் மட்டும் தன் பழைய ஜீப்போடும் மனைவியோடும் காத்திருந்தார். இவருக்கு முகம் விழுந்துவிட்டது. நண்பரின் மனைவி எங்கள் பின்கதவைத் திறந்தார். "ஐயோ!" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, சீட்டின் நீளத்துக்கும் படுத்துவிட்டார். "நான் எறங்க மாட்டேன். நீங்க ஜீப்பை எடுத்துட்டுப் போங்க" என்று படுத்தபடியே தன் கணவரிடம் சொன்னார். நண்பர் கூரையின் பச்சைப் பட்டையைக் காட்டி, இது கார் கம்பெனியிலிருந்து வந்தபோதே இருந்ததா என்று கேட்டார். நங்கையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

"வந்தது வந்தோம், மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வருவோமா?" என்றார் இவர், நண்பரின் மனைவி ஒருவழியாக இறங்கி ஜீப்பில் ஏறிப் போனதும். வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அம்பாசடரின் முன்சீட்டு ஒரே நீளச் சீட்டு. மூன்று பேரும் முன்னாலேயே உட்கார்ந்தோம். இவர் ஸ்டியரிங்கில், நான் நடுவில், நங்கை ஜன்னலோரம். கழுவிவிட்ட மாதிரி மலை பக்கத்தில் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். மேட்டுப்பாளையத்தில் டீக்கடை முன்னால் நிறுத்தினால் கூட்டம் கூடிவிட்டது. பாக்கு மண்டிக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "எந்தக் கடையிலீங்க தெச்சது?" என்று கேட்டார்.

"வீட்டுலதானுங்க" என்று இவர் முந்திக்கொண்டார். "எங்கூட்டுல ரெண்டு டெய்லர் இருக்குது."

மறுவாரமே கண்ணாடி ரப்பரை மாற்றிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் மாற்றினார். நண்பரின் ஜீப் இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது. அதற்கு மேல் கூடாரம் தைக்க வேண்டும், சீட்டு தைக்க வேண்டும். பழைய துணியை வைத்து அளக்கவில்லை. கம்பியையே அளந்தோம். பைப்பிங்குக்கு நங்கை மெரூன் என்கிறார், நான் சாம்பல் என்கிறேன். நேற்று சாயங்காலம் வரைக்கும் முடிவு தெகையவில்லை. இன்றைக்குக் காலையில் அவர் இரண்டு நிறத்தையும் வெயிலில் விரித்து வைத்துவிட்டு, "அம்மணி, இக்கட்ட வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.